ஜெசிந்தா வீட்டுப் பீர்

கல்மட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, விடாத நாட்களில் மலைப்பாதையில் எங்காவது ஒரு மரம் சாயும், மரம் சாய்ந்தால் பஸ் நிற்கும், பஸ் நின்றால் பேப்பர் வராது, தக்காளி வராது, விருந்தாளியும் வரமாட்டார்கள். ஜெசிந்தா வீட்டுக்கு பஸ் ஓடுகிற நாளிலும் யாரும் வந்ததில்லை என்பதால் மழை மேல் அவளுக்கு மட்டும் ஒரு வருத்தமும் கிடையாது. பால் சொசைட்டியில் பாலைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. கேன் கேனாக வருகிற பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருந்தால் கலந்திருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், இப்படிச் சொல்லிச் சொல்லியே ஐம்பது வயதுக்குள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஆகாதவளாகிவிட்டாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போனது, தள்ளிப்போனது அப்படியே போயும் விட்டது, பிறகு அப்பாவும் போனார். அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஈஸ்டருக்குப் போன் செய்து மழை பெய்கிறதா என்று கேட்பான்.

அந்த மலையில் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவது பல வீடுகளில் உண்டு, ஜெசிந்தாவின் அப்பாவும் போடுவார். அவள் அதோடு நிற்காமல் பீருக்குப் போனாள். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, அடுப்பு மேடைக்கு மேலே உலர்த்தி, மிக்ஸியில் ஒன்றிரண்டாகப் பொடித்து, அண்டாவில் வெந்நீர் விட்டு ஊறப்போட்டு, வடித்து, கசப்புக்கு வேப்பம்பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைக் கலந்து வெள்ளை வாளியில் ஊற்றி மூடுவாள். மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தண்ணீர் பாட்டிலுக்குள் போகும். உள்ளே இருக்கிற இனிப்பை ஈஸ்ட் தின்னத் தொடங்கினால் பாட்டிலில் குளுக், குளுக் என்று குமிழ் வரும். உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பீர் பிடிக்காது. அந்தச் சத்தம்தான் பிடிக்கும், வீட்டில் தன்னைத் தவிர இன்னொன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிற சத்தம் அது.

அதனால் அதற்கு விதவிதமாக ஆக்கிப்போட்டாள். கேரட் போட்டாள், மரவள்ளி போட்டாள், தாட்பூட் பழம் போட்டாள், கல்யாண வீட்டில் கொடுத்த லட்டைப் போட்டாள், பேக்கரியில் உடைந்துபோன வர்க்கியை மூட்டையாக வாங்கிவந்து ஊறவைத்துப் போட்டாள். பீட்ரூட் போட்ட வருஷம் அது சரியாக வராமல் சாக்கடையில் கொட்டப்போய், தெருவே கொலை விழுந்துவிட்டதென்று பதறியது. ஒவ்வொன்றையும் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள், ஒரு வாய் குடிப்பாள், மிச்சம் பாட்டிலில் கிடக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், குடித்துப் பார்த்து ‘த்தூ’ என்று துப்பக்கூட ஒரு ஆள் இல்லாமல் போனதே என்பதுதான் அவளுடைய பெரிய துக்கம்.

ஒரு ஆடி மாதம், மரங்கள் வரிசையாகச் சாய்ந்து பாதை முழுக்க அடைபட்டு, கடைகளில் சர்க்கரை தீர்ந்து, வீட்டில் பார்லியும் தீர்ந்துவிட்டது. ஈஸ்ட்டைப் பட்டினி போட்டால் செத்துப்போகும். பழைய சக்கை கொஞ்சம் கிடந்தது, சாறெல்லாம் எப்போதோ இறங்கிப்போன வெறும் உமி, அதையே போட்டு வெந்நீர் காய்ச்சினாள். சொசைட்டியிலிருந்து எடுத்துவந்த பழைய லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தாள், பச்சைத் தண்ணீரில் விழுகிற மாதிரியே அடிவரை விழுந்தது. ஒரு துளி இனிப்பு இல்லை.

“இன்னிக்கு இவ்வளவுதான்,” என்று வாளியைப் பார்த்துச் சொன்னாள். “நானும் ஒன்னும் சாப்பிடல. ரெண்டு பேரும் படுத்துக்கலாம்.”

காலையில் வாளியின் மூடி எழும்பி, நுரை தரையில் வழிந்து வாசல்வரை வந்திருந்தது. ஜெசிந்தா அதைத் துடைக்கக் குனிந்தபோது நெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த கனம் இல்லை என்பது தெரிந்தது, முட்டிவலி நின்றபிறகுதான் இவ்வளவு நாள் வலித்தது தெரிகிற மாதிரி. எதிரே கிடந்த அப்பாவின் நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தது. வேறு தீனி இல்லாததால் ஈஸ்ட் அவளுடைய தனிமையைத் தின்றிருந்தது. அவளுக்கு அது உடனே புரிந்தது, தின்றதற்கு அவள் கோபப்படவும் இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், அவளுக்கு அது வெறும் வேப்பம்பூத் தண்ணீராகத்தான் இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றியபோது நெஞ்சில் கனம் மறுபடி ஊறத் தொடங்கியிருந்தது, இரவு வாளி அதையும் தின்றது.

பக்கத்து வீட்டு தைரியநாதன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய்ப் பல வருஷம் ஆனவர், மெழுகுவத்தி கேட்டு வந்தார். மெழுகுவத்தி இல்லை, இதைக் குடியுங்கள் என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தாள். மறுநாள் காலிப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

“நேத்து எதிர்க் கட்டில்ல யாரோ உக்காந்திருந்தாங்கம்மா,” என்றார், குழாயில் தண்ணீர் வந்தது என்று சொல்கிற குரலில். “கம்பளியைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கோன்னு சொன்னாங்க. ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன். இன்னொரு பாட்டில் இருக்கா?”

விஷயம் ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. கல்மட்டத்தில் பிள்ளைகள் எல்லாம் ஓசூரிலும் துபாயிலும் இருந்தார்கள், வீடுகள் பெரியவை, ஆட்கள் குறைவு. குடிக்கிறவர்கள் தம்ளரில் குடித்தார்கள், குடிக்காதவர்கள் ரசத்தில் ஒரு கரண்டி விட்டுக்கொண்டார்கள், சாராயம் என்ற பேச்சே வீட்டில் கூடாது என்றவர்கள் அதற்குக் கஷாயம் என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிட்டார்கள். சோதனை போட வந்த சப் இன்ஸ்பெக்டரின் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், அவர் சோதனைக்கென்று ஒரு பாட்டிலை எடுத்துப்போனவர் அடுத்த வாரம் மேல் சோதனைக்கு இரண்டு பாட்டில் எடுத்துப்போனார். குடித்த வீட்டில் எல்லாம் சாயங்காலத்திலிருந்து ஒரு ஆள் துணைக்கு இருந்தது. செருப்புச் சத்தம் கேட்கும், குழாயைச் சரியாக மூடுகிற சத்தம் கேட்கும், நாம் பேசினால் பதில் வரும். பலர் இன்னொரு தட்டும் எடுத்துவைத்தார்கள்.

அந்த ஆள் யார் என்று முதலில் கண்டுபிடித்தது செல்வராணி. மாதா கோயில் பாட்டுக் கொயரை நடத்துகிறவள், மாதர் சங்கத் தலைவி, யார் குரலையும் ஒரு சுருதியில் அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள். அவள் அடுக்களையில் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “இதுல தண்ணி கலந்திருக்கு,” என்று குரல் வந்தது. வந்ததும் இவளுக்குத் தெரிந்துவிட்டது.

இதை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு யாராவதாக இருந்திருக்கலாமே என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது, பிறகு பிடித்தும் விட்டது. சொசைட்டி ஜன்னலில் அவளோடு சண்டை போட்டவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து அவளிடமே மகனைப் பற்றிச் சொல்லி அழுதார்கள், அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பால் ஊற்ற வரும்போது விடிய விடிய பேசிக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று உண்மையான ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. தைரியநாதன்தான் சொன்னார்.

“நானா?” என்றாள்.

“நீதாம்மா. முந்தாநேத்து உங்கப்பாவைப் பத்திச் சொன்னியே. கடைசில அவரு உன் பேரை மறந்துட்டாருன்னு. நான்கூட அழுதுட்டேன்.”

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் இத்தனை வீட்டில் உட்கார்ந்து பேசிச் சிரித்து ஆறுதல் சொல்லுகிற அந்த ஜெசிந்தா மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

நன்றி என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் முதலில் காரியத்தைக் கெடுத்தது. இவ்வளவு செய்கிறவளை நாம் கவனிக்கவே இல்லையே என்று ஊர் திடீரென்று உருகிப்போய், புரட்டாசி கடைசியில் பிரியாணியும் கேக்கும் சுண்டலுமாக அவள் வீட்டுக்குப் படையெடுத்தது. நாற்காலி போதாமல் பால் கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். கேரட் பீரையும் லட்டு பீரையும் எடுத்துக் காட்டினாள், அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிரமாதம் என்றார்கள், அவளுக்கு சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் வாழ்க்கையிலேயே நல்ல வாரம் அதுதான். வார முடிவில் மூடியைத் திறந்தால் ஈஸ்ட் ஈரச் சேறாக அடியில் படிந்து கிடந்தது, குமிழ் இல்லை, சத்தம் இல்லை. அதற்குச் சாப்பிட ஒன்றுமில்லை.

பாட்டில் கேட்டு வந்தவர்களிடம் ஈஸ்ட் எதைத் தின்கிறது என்பதை அவள் ஒளிக்காமல் சொன்னாள், அவர்கள் கோயில் ஹாலில் கூட்டம் போட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, அதை நான் கட்டாயம் சொல்லவேண்டும். செல்வராணி எழுந்து, “அக்காவை நாமதான் நல்லா வச்சுக்கணும். அதனால இனிமே அவங்களை யாரும் தொந்தரவு பண்ண வேண்டாம்,” என்றாள், எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து காலிப் பாட்டிலை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, நிறைந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கோயிலில் அவள் உட்காருகிற பெஞ்சை அவளுக்கென்றே விட்டுவிட்டார்கள். சொசைட்டியில் மரியாதையாகத் தனி அறை கட்டிக்கொடுத்தார்கள், ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பால் மட்டும் உள்ளே வரும். அவள் வாசலில் படுத்துக்கிடக்கும் தெருநாயைக்கூட செல்வராணி பிஸ்கட் போட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஜெசிந்தா பாட்டில்களை நிரப்பிக் கேட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். தனக்காக இத்தனை பேர் காத்துக்கொண்டிருப்பது அவளுக்குப் புதிது, அதை இழக்க அவளுக்குப் பயமாக இருந்தது. வாளி இரவும் பகலும் குளுக், குளுக் என்றது.

இந்த ஏற்பாடெல்லாம் தெரியாத ஒரே ஆள் மாணிக்கவேல். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர், தாராபுரத்திலிருந்து ஐப்பசியில்தான் மாற்றலாகி வந்திருந்தார், பேக்கரி மாடியில் ஒற்றை அறை. மழையில் கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்தவர் மீட்டரைப் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார், கணுக்காலில் ஒரு அட்டை ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்கியது.

“ஏனுங்க, இது என்னங்க இது? எடுக்க வருமுங்களா?”

ஜெசிந்தா உப்பை அள்ளிவந்து வைத்தாள், அட்டை சுருண்டு விழுந்தது. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள், கேட்டபிறகுதான் அந்த வாக்கியத்தைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தாள். அவர் டீ குடித்தார், வாளியைப் பார்த்தார், அலமாரியில் பழைய பாட்டில்களைப் பார்த்தார், இதெல்லாம் என்னங்க என்று கேட்டார். வர்க்கி பீரில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாசலுக்கு ஓடிப்போய், ‘த்தூ’ என்று துப்பினார்.

“தப்பா நெனைக்காதீங்க. சகிக்கலீங்க,” என்றார்.

ஜெசிந்தா சிரித்தாள், கண்ணில் நீர் வருகிறவரை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் மீட்டர் பார்க்கிற வேலை இல்லாமலே வந்தார், அதற்கடுத்த வாரம் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தார், பிறகு தினமும் சாயங்காலம் வந்தார். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை, மனைவி தவறிவிட்டாள், பிள்ளை இல்லை. அவள் பாலைப் பற்றிச் சொன்னாள், அவர் கரண்டைப் பற்றிச் சொன்னார், பேச்சு தீர்ந்தபிறகும் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. கூடவே இருந்துவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு ஆசை, வாய்வரை வரும், வந்து நின்றுவிடும். குமிழ்ச் சத்தம் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஊர் கவனித்தது. கேட்டில் காலிப் பாட்டில்கள் சேர்ந்துகொண்டே போயின, நிறைந்த பாட்டில் வரவில்லை. மார்கழிக் குளிர் இறங்கிவிட்டது, லீவு கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பல வாரத்துக்குப் பிறகு செல்வராணியும் தைரியநாதனும் அவள் வீட்டுக்குள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் மட்டும் அக்கா,” என்றாள் செல்வராணி. “அப்புறம் அவரு தாராளமா வரட்டும். நாங்களே முன்னால நின்னு செய்யறோம்.”

தைரியநாதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ வராம என் வீடு வீடாவே இல்லம்மா.”

“வேணும்னா நானே வரேன் அண்ணே,” என்றாள் ஜெசிந்தா. “பக்கத்து வீடுதானே? தினம் சாயங்காலம் வந்து உக்காந்திருக்கேன்.”

பெரியவர் சங்கடத்தோடு செல்வராணியைப் பார்த்தார். “உனக்கு எதுக்கும்மா சிரமம்,” என்றார். “பாட்டில் குடுத்தாப் போதும்.”

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர் அழுகிறதைப் பார்க்க முடியவில்லை. கிறிஸ்துமஸ்வரைதானே, அப்புறம் ஆயுசு முழுக்க இருக்கிறதே என்று கணக்குப் போட்டாள். அன்று சாயங்காலம் மாணிக்கவேலிடம் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொன்னாள், ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் எதையும் நம்பாமல் இல்லை, கரண்ட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது அவர் தொழில்.

“சரீங்க. ஆனா சாயங்காலமானா நான் என்னங்க பண்ணுவேன்?” என்றார். அந்த ஒற்றை அறையை நினைத்து அவர் முகம் வாடியது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் ஆடி மாதத்துப் பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“ரசத்துல தினம் ஒரு கரண்டி விட்டுக்கங்க. நீங்க மறுபடி வர வரைக்கும் துணையா இருக்கும்.”

அவர் போனதும் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முன்பெல்லாம் இருந்தது வெறும் தனிமை, இது வரவேண்டிய ஆள் வராத தனிமை, ஈஸ்ட் இந்தத் தீனியைக் கண்டதே இல்லை. வாளி பொங்கியது, அண்டாவில் மாற்றினாள், அண்டா பொங்கியது, பால் கேன்களைக் கொண்டுவந்து நிரப்பினாள். கேட்டிலிருந்து பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கல்மட்டத்தில் ஒருவர்கூடத் தனியாகச் சாப்பிடவில்லை, வீட்டுக்கு வீடு விளக்கெரிந்து பேச்சுச் சத்தம் தெருவரை கேட்டது, எல்லா வீட்டிலும் ஜெசிந்தாவுக்கு ஒரு தட்டு வைத்திருந்தார்கள். ஜெசிந்தா தன் வீட்டில் பொரித்த மீனைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு நாளை என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இரண்டு பேருக்கு ஆப்பமும் கறிக்குழம்பும் செய்தாள். மாணிக்கவேல் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தாள். அடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால், “அட, இப்பத்தானுங்களே பேசிட்டிருந்தோம்,” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். புது வருஷம் பிறந்தது. மீட்டர் கணக்கெடுக்கிற நாள் வந்தபோதுதான் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

அவர் நன்றாக இருந்தார். முகம் தெளிந்து, சட்டை தேய்த்துப் போட்டு, வாய்க்குள் ஏதோ பாட்டுகூட இருந்தது. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, காலிப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“தீந்துபோச்சுங்க. இன்னொன்னு தர்றீங்களா?”

“இனிமே எதுக்கு பாட்டில்?” என்றாள் ஜெசிந்தா. “கிறிஸ்துமஸ் முடிஞ்சிடுச்சே. நீங்க வரலாமே.”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “நேத்து நீங்க கேட்டதையேதானுங்க ராத்திரியெல்லாம் நெனச்சுட்டிருந்தேன்.”

“நான் என்ன கேட்டேன்?”

“கூடவே இருந்துருங்கன்னு கேட்டீங்கல்லங்க.”

ஜெசிந்தா ஓரடி முன்னால் வந்தாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னு சொன்னேனுங்களே,” என்றார் மாணிக்கவேல், அவள் அதை மறந்துவிட்டதில் அவருக்குச் சின்ன வருத்தம்கூட இருந்தது.

உள்ளே கேன்கள் குளுக், குளுக் என்றன. அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள், கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வாங்க,” என்றாள். “டீ போட்டுருக்கேன். ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க.”

அவர் மெதுவாக அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

“இன்னொரு நாளைக்கு வர்றேனுங்க, இப்பவே நேரமாச்சு,” என்றார். “ஊட்ல நீங்க காத்துட்டிருப்பீங்க.”

கேட்டை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, வேகமாக நடந்து போனார்.